இந்த வாரம் படித்ததும், அதனால் கிளம்பிய ஒரு சண்டையும்

இந்த வாரக் கணக்கு: ஒரு நாவல் (மறுவாசிப்பு), ஒரு புள்ளிவிவர அட்டவணை, ஒரு குழந்தைக் கதை. நடுவில் பெங்களூர் நண்பர் ஒருவரோடு போனில் ஒரு சின்னச் சண்டை. நான்கும் தனித்தனியாகத்தான் ஆரம்பித்தன. சனிக்கிழமை காபியோடு உட்கார்ந்து யோசித்தால் நான்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. பேசினால் போதும் என்று நாமும் திருப்திப்பட்டுக் கொள்கிறோம். போதாது என்பது என் கட்சி. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நாவல்

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977-ல் வந்தது. கதை நடப்பது 1947-48 செகந்தராபாத்தில். நிஜாம் இந்தியாவோடு சேர்வாரா மாட்டாரா என்ற இழுபறி, ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்தது, இவ்வளவும் சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையனின் கண் வழியாக. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பையனுக்குக் கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி. வெளியே உருது, தெலுங்கு, இங்கிலீஷ். வீட்டுக்குள் தமிழ்.

முதல் முறை இதைப் படித்தபோது நான் ஊரில் இருந்தேன். சரித்திர நாவல் மாதிரித் தெரிந்தது. புனேயில் வீடு எடுத்துக் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகு படித்தால் வேறு புத்தகம். ஊரில் நடக்கிற பெரிய விஷயம் எதிலும் நமக்குப் பங்கு இல்லை. ஆனால் அதன் விளைவு மட்டும் தவறாமல் நம் வாசலுக்கும் வரும். அந்த நிலைமையை இவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. அசோகமித்திரன் 1931-ல் செகந்தராபாத்திலேயே பிறந்தவர். இருபது வயது தாண்டித்தான் சென்னைக்குக் குடிவந்தார். வெளியூர்த் தமிழன் என்பது அவருக்கு ஆராய்ச்சி செய்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டு அலமாரியைப் பார்த்தேன். பக்கத்தில் ஆதவனின் 'காகித மலர்கள்'. டெல்லியில் ஒரு உயரதிகாரியின் குடும்பம். அதற்கு அடுத்து நாஞ்சில் நாடனின் 'மிதவை', 'சதுரங்கக் குதிரை'. இரண்டும் ஊரை விட்டு பம்பாய்க்கு வேலைக்குப் போனவர்கள் கதை. அவரே வருஷக்கணக்கில் பம்பாயில் வேலை பார்த்தவர்தான். இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். தி.ஜானகிராமன் டெல்லியில் ஆல் இந்தியா ரேடியோவில் இருந்தார். அம்பை மும்பையில் இருந்து எழுதுகிறார். 2021-ல் அவருக்கு சாகித்ய அகாதெமி கிடைத்தது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நவீன தமிழ் இலக்கியத்தில் ஒரு பெரிய பங்கு நம்மைப் போல வேலைக்காக ஊரை விட்டுப் போனவர்கள் எழுதியது. அதில் எத்தனையோ கதைகள் நம்மைப் பற்றியவை. வாடகை வீடு, ஆபீஸ் அரசியல், ஊரில் இருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, லீவு கிடைக்காத பொங்கல். இது நம் குடும்ப ஆல்பம் ஐயா. அந்த ஆல்பத்தைத் திறக்கத் தெரியாத பிள்ளைகளைத்தான் நாம் வளர்த்துக் கொண்டிருக்கிறோம்.

"இங்கிலீஷில்தான் மொழிபெயர்ப்பு இருக்கிறதே" என்பீர்கள். இந்த நாவலுக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் மொழிபெயர்ப்புக்கு எது போகிறது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அவர்கள் கை வைக்காத புத்தகம் நம் பிள்ளையைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

அட்டவணை

அடுத்து ஒரு வறண்ட சமாச்சாரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை. இது 2018-ல்தான் வெளியானது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால் நமக்கு இப்போதும் இதுதான் கதி.

இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.9 கோடி. அதில் தமிழ்நாட்டில் சுமார் 6.38 கோடி. ஆக, 50 லட்சத்துக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வெளியே. இதில் புதுச்சேரியைத் தள்ளிவிட்டாலும் 40 லட்சம் தேறும். கர்நாடகத்தில் 21 லட்சம், பிரிக்கப்படாத ஆந்திராவில் 7 லட்சம், கேரளாவிலும் மகாராஷ்டிராவிலும் தலா 5 லட்சம், டெல்லியில் 80 ஆயிரத்துச் சொச்சம்.

எண்ணிக்கையைப் பார்த்ததும் மனசு நிறைகிறது. ஆனால் கணக்கெடுப்பு என்ன கேட்கிறது என்று பாருங்கள். தாய்மொழி என்ன, வேறு என்னென்ன மொழி தெரியும், எழுதப் படிக்கத் தெரியுமா. கடைசிக் கேள்விக்கு எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். 'உன் தாய்மொழியை உனக்குப் படிக்கத் தெரியுமா' என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, 'அ' என்ற எழுத்தைக் கண்டால் முழிக்கிற பெண்ணும் அந்த 50 லட்சத்தில் ஒருத்தி. கதைப் புத்தகத்தோடு தூங்கப் போகும் அவள் பாட்டியும் அதில் ஒருத்தி. அட்டவணையில் இருவரும் ஒன்று.

வித்தியாசம் வேறு இடத்தில் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்கள். பாட்டி தமிழில் எழுதுவார். பேத்தி இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்டியா' என்பாள். பாட்டிக்கு அது புரியாது, பேத்திக்கு இது புரியாது. நடுவில் நாம் துபாஷி வேலை பார்க்கிறோம். அல்லது இரண்டு பக்கமும் வாய்ஸ் மெசேஜ். நாம் இருக்கும் வரை வண்டி ஓடும்.

குழந்தைக் கதை

ப்ரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் குழந்தைக் கதைகள் தமிழில் நிறைய இருக்கின்றன. இலவசம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். அதில் ஒன்றை என் ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து படித்தேன். அவளுக்கு நாகரி எழுத்து அத்துப்படி. பள்ளியில் மராத்தி, இந்தி இரண்டுமே அதில்தான். தமிழ் எழுத்து இந்த வருஷம்தான் தொடங்கினோம்.

அவளுடைய முதல் கேள்வி: "அப்பா, இது எந்த க?" நாகரியில் க வரிசைக்கு நான்கு எழுத்து. நமக்கு ஒன்றே ஒன்று. நியாயமான கேள்விதான். இலக்கணப்படி பதில் சொல்லலாம். சொல்லின் முதலில் வந்தால் வன்மையாக (கடல்), இரட்டித்தாலும் அப்படியே (பக்கம்), 'ங்' பக்கத்தில் வந்தால் மென்மையாக (தங்கம்), நடுவில் தனியாக வந்தால் இன்னும் இழைந்து (அகம்). நான் இதை ஒன்றும் சொல்லவில்லை. "நீ வாயால் எப்படிச் சொல்வியோ அப்படிப் படி" என்றேன். அவ்வளவுதான், 'தங்கம்' சரியாக வந்தது. விதிப்படி பார்த்தால் 'காந்தி' தப்பாக வர வேண்டும். அதுவும் சரியாகவே வந்தது. ஏனென்றால் அவளுக்குக் காந்தியைத் தெரியும் :-)

என் வாதத்தின் மையமே இதுதான். புதிதாகத் தமிழ் கற்கும் வெளியாளுக்கு எழுத்து, ஒலி, சொல், பொருள், இலக்கணம் எல்லாமே புதுசு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் புதுசு. மற்ற அத்தனையும் அம்மா மடியிலேயே முடிந்துவிட்டது. முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்த வீடு. கதவு மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறோம்.

'247 எழுத்தாச்சே' என்று பயப்படுகிறவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31. புள்ளி, கால், கொம்பு, விசிறி, சுழி வகையறா ஒரு ஏழு. 'ஒ' 'ஓ' வரிசைகளுக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம், இதே கொம்பும் காலும்தான். உகர ஊகார வரிசைகள் மட்டும் (கு, கூ, து, தூ...) கொஞ்சம் படுத்தும். அவை 36. அதிலும் மூன்று நான்கு தினுசுதான். கூட்டிப் பார்த்தால் 74. ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தாலும் எண்பதைத் தாண்டவில்லை. 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதே, பிள்ளை குழம்பாதா? குழம்பாது. நாகரியில் 'கி' எழுதும்போதும் கொக்கி முன்னால்தான் வந்து நிற்கும். அந்த வித்தை ஏற்கெனவே பழகியதுதான்.

உண்மையான தடங்கல் எழுத்து இல்லை. அதற்கு அடுத்த படி. வீட்டில் 'வந்துட்டாங்க'. புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. என் மகள் அந்த வார்த்தையைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு, "ஏன் நியூஸ் மாதிரி பேசறாங்க?" என்றாள். பல வீடுகளில் முயற்சி நின்று போவது இந்த இடத்தில்தான். எழுத்தைக் கற்ற பிள்ளை, இது நம் வீட்டுத் தமிழ் இல்லை போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடும். இதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம், பேச்சு அதிகம் வரும் கதைகளில் தொடங்குவது. பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த சினிமாப் பாட்டு வரியைத் தமிழில் எழுதிக் காட்டுவது இன்னும் நல்லது. வார்த்தை முன்பே தெரியும் என்பதால் கண் தானாக எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். 'விட்டார்கள்' எல்லாம் நாளாவட்டத்தில் பழகிவிடும். நமக்கும் அப்படித்தானே பழகியது? நாமும் யாரும் வீட்டில் 'வந்துவிட்டார்கள்' என்று பேசி வளரவில்லை.

சண்டை

இப்போது பெங்களூர் நண்பர். இருபது வருஷப் பழக்கம், ஆகவே மரியாதை எல்லாம் கிடையாது. "உனக்கு வேற வேலையே இல்லையா? இங்கிலீஷ், கன்னடம், இந்தி, மூணு மொழி ஏற்கெனவே பையன் தலைல. நாலாவது எதுக்கு? அம்மாகிட்ட தமிழ்ல பேசறான், போதாதா? போர்டு படிக்கணும்னா போன் கேமராவைக் காட்டினா அதுவே படிச்சுச் சொல்லுது."

கூடவே ஒரு நல்ல அஸ்திரமும் விட்டார். மதுரை சௌராஷ்டிரர்கள். அவர் அங்கே படித்தவர். "அவங்க வந்து எத்தனை நூற்றாண்டு ஆச்சு? இன்னிக்கும் வீட்டுல சௌராஷ்டிராதான். படிக்கிறது, எழுதுறது எல்லாம் தமிழ். மொழி அழிஞ்சா போச்சு?"

அழியவில்லை. 2011 கணக்கில் சௌராஷ்டிர மொழி பேசுவோர் சுமார் இரண்டரை லட்சம். அந்த மொழிக்குத் தனி எழுத்தே உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நண்பர் சொன்னது பாதி சரி. பேச்சு மட்டுமே ஒரு மொழியைப் பல தலைமுறை தூக்கிக்கொண்டு போக முடியும். ஆனால் எப்போது? தெருத்தெருவாகச் சேர்ந்து வாழும்போது. நெசவு, சாயம், கோயில், சபை, கல்யாணம் எல்லாம் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும்போது. நம் நிலைமை அதுவா? பதினான்கு மாடி அபார்ட்மெண்டில் ஏழாவது மாடியில் ஒரு வீடு, அடுத்த பிளாக்கில் இன்னொரு வீடு. தீபாவளிக்கு ஒரு முறை பார்த்துக் கொள்கிறோம். பிள்ளைகள் நாளைக்கு யாரைக் கல்யாணம் செய்வார்களோ, எந்த ஊரில் இருப்பார்களோ. பேச்சை மட்டும் நம்பினால் நமக்கு இன்னும் ஒரு தலைமுறைதான் வாய்தா.

இன்னொன்றும் இருக்கிறது. கும்பகோணத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த எம்.வி.வெங்கட்ராம் தன் கதைகளை எல்லாம் தமிழில்தான் எழுதினார். 'காதுகள்' நாவலுக்கு 1993-ல் சாகித்ய அகாதெமி. தமிழுக்குப் பெரிய லாபம். சௌராஷ்டிரத்துக்கு? எழுதினாலும் படிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பேச்சு பிழைத்தது. எழுத்தாளன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் எழுத வருகிறவர்கள் இங்கிலீஷிலோ மராத்தியிலோ எழுதட்டும், சந்தோஷம். ஆனால் தமிழில் எழுதவா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பாவது அவர்களுக்கு இருக்க வேண்டாமா?

நண்பருக்கு மகாராஷ்டிராப் பக்கமிருந்தே ஒரு பதில் அஸ்திரம் விட்டேன். 1670-களில் இருந்து 1855 வரை தஞ்சாவூரை ஆண்டது மராட்டிய வம்சம். அவர்களுடைய அலுவல் ஆவணங்கள் மராத்தியில், மோடி என்ற எழுத்தில். இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தஞ்சாவூரில் மராத்தி பேசும் குடும்பங்களும் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படிக்க, மோடி எழுத்துக் கற்ற நிபுணர்தான் வர வேண்டும். மகாராஷ்டிராவே நாகரிக்கு மாறிவிட்டதால் என் ஆபீஸ் மராத்தி நண்பர்களுக்கும் அது படிக்க வராது. மொழி இருக்கிறது, காகிதம் இருக்கிறது, படிக்க ஆள் இல்லை.

ராஜா வீட்டு ஆவணம் என்றால் நிபுணரைக் கூப்பிடுவார்கள். நம் வீட்டு ஆவணத்துக்கு யார் வருவார்? என் அம்மா எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே 'குடியரசு' இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. அம்மாவோ கடைசிவரை பழைய எழுத்துதான். 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை போட்டு. அரிசி விலை, யாருக்கு யாரோடு நிச்சயம், மழை பெய்ததா இல்லையா, இவைதான் விஷயம். நிபுணர் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. கேமராவைக் காட்டினால், அம்மாவின் அவசரக் கையெழுத்தில் போன் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது. எழுத்துத் தெரிந்த பேத்தி இருந்தால் அது ஒரு குடும்பத்தின் சரித்திரம். இல்லாவிட்டால் அடுத்த வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரருக்கு.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, எத்தனை நேரம் ஆகும்?" என்றார். ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி 'எதுக்கு' என்பதில் இருந்து 'எத்தனை' என்பதற்கு வந்துவிட்டது.

எத்தனை நேரம்?

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதலில், இருக்கும் ஊரின் மொழிக்குத்தான் முதல் மரியாதை. புனேயில் வளரும் பிள்ளை மராத்தி நன்றாகப் படிக்க வேண்டும், பெங்களூர்ப் பிள்ளை கன்னடம் படிக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அங்கே சோறு, இங்கே மொழி என்று முறுக்கிக்கொண்டு நிற்பது நமக்கும் அழகில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. தமிழ் எழுத்தை அதற்குப் போட்டியாக வைக்காதீர்கள். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிஷம். வீட்டில் தமிழ் பேசும், வேறொரு எழுத்து ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆறேழு மாதம் போதும் என்பது என் வீட்டு அனுபவம். முதலில் அவர்கள் பெயர், அப்புறம் பாட்டி தாத்தா பெயர், அப்புறம் ஊர்ப் பெயர். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பஸ் போர்டு படிக்கச் சொல்லுங்கள். 'காந்திபுரம்', 'உக்கடம்' என்று பிள்ளை உரக்கப் படித்தால் பஸ்ஸில் இருக்கும் பாட்டிகளே பாராட்டு விழா நடத்திவிடுவார்கள். குடும்பக் குரூப்பில் வாரம் ஒரு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக வந்தால் அத்தைகள் திருத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்து விடுங்கள்.

வசதிகளுக்கும் குறைவில்லை. 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் அரசு அமைப்பு, மழலைக் கல்விப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. டெல்லிவாசிகளுக்கு டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் மதுரைத் திட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுக்கப் பல பேர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து தட்டச்சு செய்து சங்க இலக்கியத்தில் இருந்து இக்கால நூல்வரை இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவர்களிலும் நிறையப் பேர் ஊரை விட்டு வந்தவர்கள்தான். தூரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு செய்தவர்கள் இருக்கும்போது, 74 வடிவங்களைச் சொல்லிக் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?

பிள்ளைகள் எல்லாரும் அசோகமித்திரனைப் படித்துவிடுவார்கள் என்ற பேராசை எனக்கு இல்லை. நூறில் பத்துப் பேர் படித்தால் அதிகம். மற்ற தொண்ணூறு பேரும் பஸ் போர்டும் பத்திரிகைத் தலைப்பும் பாட்டியின் மெசேஜும் படித்தால் எனக்குப் போதும். அந்தப் பத்துப் பேர் யார் என்பது இப்போது நமக்குத் தெரியாது. ஆகவே நூறு பேருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

அடுத்த வாரம் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்திருக்கிறேன். பெரிய புத்தகம். ஒரு வாரத்தில் முடியாது, பாதியாவது தாண்டினால் சொல்கிறேன்.